சாறன் விலையும் முகநூல் பேச்சும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

எங்கள் கைத்தறிச் சாறன்களின் விலை மாற்றத்தை மட்டும் அறிவிக்கத்தான் இருந்தோம். அதற்குள் முகநூலில் ஒரு பேச்சு: இந்தியாவிலிருந்து மெசின் துணி இறக்கி, மருதமுனைக் கைத்தறி என்று லேபல் ஒட்டி விற்கிறோமாம்!

ஆதாரமாகப் போட்ட படத்தில் இருப்பது நூல் பேல். நூல் இந்தியாவிலிருந்து வருவது ஊரில் யாருக்குத் தெரியாது? நெய்வது இங்கேதான். சந்தேகமென்றால் சாறனின் கரையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துணி அகலம் சுருங்காமல் இழுத்துப் பிடிக்கும் முள்ளுக்கோலை நெசவாளர் சில அங்குலத்துக்கொருமுறை கழற்றி முன்னே குத்துவார். அதனால் துளைகள் விட்டு விட்டு இருக்கும். மெசினில் அந்த வேலையை முள் உருளை செய்வதால் துளை நெடுக ஓடும். குறுக்கு நூலான ஊடையைக் கொண்டோடும் நாடா இல்லாத மெசினென்றால் பெரும்பாலும் கரையில் ஊடை நூல் வெட்டுப்பட்டுக் குஞ்சம்போல் நிற்கும். இரண்டு சாறனை ஒன்றன்மேல் ஒன்று விரித்துக் கட்டங்களையும் ஒப்பிடுங்கள். ஊடையைக் கையால் அடித்து நெருக்குவதால் ஒரு கட்டம் சற்று நெருங்கும், மற்றது விலகும். இதையே குறையென்று திருப்பிக் கொண்டுவந்தவர்களும் உண்டு. இப்போது அதுவே எங்கள் சாட்சி.

2,400 ரூபாச் சாறன் இனி 2,850 ரூபா. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபின் நூலும் சாயமும் பழைய விலைக்குத் திரும்பவேயில்லை. கூலியும் கூட்டியாக வேண்டும். அங்குலத்துக்கு 60 ஊடை வைத்து 2 மீற்றர் நெய்ய, நாடா ஏறக்குறைய 4,700 தடவை ஓட வேண்டும். ஊடையை 48 ஆகக் குறைத்தால் விலையும் குறையும். ஆனால் நாலு தோய்ச்சலில் இழை விலகி, இடுப்புக் கட்டும் நழுவும். 1977இல் இறக்குமதி திறந்துவிட்டபின் மெசின் துணியோடு விலையில் போட்டிபோட்டே ஊரில் எத்தனையோ தறிகள் ஓய்ந்தன. மிச்சத்தில் பலதைச் சுனாமி கொண்டுபோனது. அந்தப் போட்டிக்கு இனியும் போகமாட்டோம்.

பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், பிணைக்கும் எங்கள் மூத்த கைகாரர் வெளிநாடு போய்விட்டார். தறியில் பாவு முடியும்போது பழைய பாவின் முனையோடு புதிதின் 3,000 இழைகளையும் வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஓர் இழை இடம் மாறினாலும் முழுப் பாவிலும் கோடு விழும். புதிய பிள்ளைகள் பழகுகிறார்கள். ஆகவே கலியாண ஓடர்களுக்கு ஆறு கிழமை பிடிக்கும், அட்வான்ஸ் திருப்பப்படாது.

வதந்தியைக் கேட்டதும் எங்களுக்கே அழைத்து விசாரித்தவர்களுக்கும், விலை கேட்டு முகம் சுளிக்காமல் வாங்கிப்போகும் மட்டக்களப்பு, அக்கரைப்பற்று வாடிக்கையாளர்களுக்கும் மனமார்ந்த நன்றி. தறிக்கொட்டில் கடைக்குப் பின்னால்தான். வெள்ளி தவிர எந்நாளும் காலையில் வந்து பார்க்கலாம், படமும் எடுக்கலாம்.