பாத்தியைக் கலக்காதே என்ற பெரியம்மாவுக்கு

வாலிநோக்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

என் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சென்ற மாதம் சமர்ப்பித்துவிட்டேன். அதில் நன்றி சொல்லக் கிடைத்த ஒரு பக்கம் பேராசிரியர்களுக்கே போதவில்லை. விட்டுப்போன உங்களுக்கு இந்த மடல்.

‘அப்படி என்னதான் படிக்கிறாய்?’ என்று டீக்கடையில் கேட்டவர்களுக்கு அன்று மழுப்பினேன். இப்போது சொல்கிறேன். நம் கல்லீரலில் கிளைசின் என்-மெத்தில்டிரான்ஸ்பெரேஸ் என்றொரு நொதி இருக்கிறது. எஸ்-அடினோசில்மெத்தியோனின் என்ற சேர்மம், மெத்தில் என்ற சிறு வேதித் துணுக்குக்கு உடல் வைத்திருக்கும் கையிருப்பு. டிஎன்ஏவுக்கு வேண்டிய மெத்திலும் அதிலிருந்துதான் போகிறது. கையிருப்பு மிஞ்சும்போது, மெத்திலைக் கிளைசின் என்ற அமினோ அமிலத்தில் ஏற்றிச் சார்கோசினாக்கிச் செலவழிப்பது இந்த நொதி. அந்தக் கையிருப்புக்கு மூலமான மெத்தியோனின் குறைந்துவிட்டாலோ, ஃபோலேட் என்ற வைட்டமினின் ஒரு வடிவம் வந்து அதன் கையைக் கட்டிப்போடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்றால் அம்மா கைச்செலவை நிறுத்துவாரே, அதே கணக்கு.

அந்த ஃபோலேட் உட்காருவது வேலை நடக்கும் குழியில் இல்லை. நொதியின் நான்கு துண்டுகள் ஒட்டும் சந்தில். எலியின் நொதியில் இதை 2007இலேயே காட்டிவிட்டார்கள். தொலைவில் ஒன்று ஒட்டினால் இங்கே வேலை எப்படி நிற்கும் என்று எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை. கரைவலையில் கயிற்றைக் கரையில் நின்று இழுக்க, கடலுக்குள் மடியின் வாய் சுருங்குவதைச் சிறுவயதில் காட்டிய சித்தப்பாவுக்கு முதல் நன்றி.

நொதி ஒரு புரதம். அதன் வடிவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ்-கதிரில் வைக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் எனக்கு விழுந்ததெல்லாம் பொடி. ஒரு கோடையில் உப்பளத்தில் பெரியம்மாவிடம் புலம்பினேன். “முற்றின தண்ணீரில் காலை விட்டு அளைந்தால் பொடியுப்புதான் விழும். பாத்தியைக் கலக்காதே, கல் தானாகப் பெருக்கும்” என்றார். நானோ படிகம் வளரும் தட்டைத் தினமும் எடுத்து நுண்ணோக்கியில் வைத்துக்கொண்டிருந்தேன்! திரும்பிப் போய்ப் புரதத்தின் செறிவைக் குறைத்தேன், நீர் மெல்ல வற்றட்டும் என்று எண்ணெய் ஊற்றினேன், மூன்று வாரம் தட்டைத் தொடவே இல்லை. இதெல்லாம் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. படித்திருந்தேன், கேட்கவில்லை.

உதவித்தொகை ஐந்து மாதம் வராமல் நின்றபோது, புது வலைக்கு வைத்திருந்த பணத்தில் இந்தூருக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார் மாமா. அங்கே வலுவான எக்ஸ்-கதிர் தரும் இண்டஸ்-2 சின்க்ரோட்ரான் இயந்திரத்தில்தான் என் படிகங்களைக் கதிரில் வைத்தோம். மாமா, அந்தப் பணம் ஆடிக்குள் வந்துவிடும்.

தடைக்காலங்களில் அப்பாவையும் உப்பு வாரக் கூட்டிப்போய் என் கல்லூரிக் கட்டணத்தைக் காப்பாற்றிய அத்தைமார் எல்லோருக்கும் நன்றி.

பெரியம்மா, ‘உன் கல்லும் கரிக்குமா?’ என்று கேட்டீர்கள். வாயில் வைத்துப் பார்க்கவில்லை. பத்துக் கல்லைச் சேர்த்தாலும் ஊசிமுனைக்குக் காணாது.

உங்கள் வீட்டுப் பெண்