செல்லுக்குள் இருக்கும் கொழுப்பைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் உடல்நலப் பகுதியில், "கொழுப்பு எந்த உருவத்தில் வந்தாலும் செல்லுக்கு எதிரிதான்" என்று ஒரு வரி. அதைக் கட்டம் கட்டித் தடித்த எழுத்தில் வேறு போட்டிருக்கிறீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருக்கிறதா என்று கர்ப்பிணிகளின் ரத்தத்தில் பார்க்கும் வி.டி.ஆர்.எல். பரிசோதனை எங்களுக்கு அன்றாட வேலை. சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை, 56 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து எடுப்போம். உப்புக்கரைசலில் ஆன்டிஜன் என்ற பரிசோதனைப் பொருளைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, அதில் ஒரு துளியை ஸ்லைடில் உள்ள சீரத்தோடு சேர்த்து, 4 நிமிடம் சுழலவிட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம். திட்டுத்திட்டாகத் திரண்டிருந்தால் அந்தக் கர்ப்பிணிக்கு உடனே சிகிச்சை தொடங்க வேண்டும். அப்படித் திரள வைக்கும் ஆன்டிஜனின் உயிர்நாடி கார்டியோலிப்பின். அது ஒரு கொழுப்பு. மேரி பேங்போர்ன் என்ற அமெரிக்கப் பெண் ஆய்வாளர் 1942-ல் மாட்டு இதயத்திலிருந்து பிரித்துக் காட்டியது.

அது நம் செல்லில் எங்கே இருக்கிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் உள்ள கொழுப்புகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதுதான். சைட்டோகுரோம் சி என்ற புரதத்தை அந்தச் சவ்வோடு பிடித்து வைத்திருப்பதும் அதுவே. அந்தப் பிடி இருக்கும்வரை செல்லுக்குச் சக்தி கிடைக்கிறது. கார்டியோலிப்பின் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் பிடி தளர்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் துளை விழுந்ததும் சைட்டோகுரோம் சி வெளியேறுகிறது. அப்புறம் செல்லின் புரதங்களை வெட்டும் கேஸ்பேஸ் நொதிகள் வேலையைத் தொடங்கி, செல் முறைப்படி தன்னை முடித்துக்கொள்கிறது. செல் வாழ்வதற்கும் சாவதற்கும் காவல் இருக்கும் பொருளை எதிரி என்று எழுதலாமா?

இது முதல் தடவையும் அல்ல. முன்பு ஒரு கட்டுரையில் செல் சாவதே நோய் என்று எழுதினீர்கள். கருவில் விரல்களுக்கு நடுவே உள்ள செல்கள் செத்தால்தான் விரல்கள் தனித்தனியாகப் பிரியும் என்று அப்போதே கடிதம் போட்டேன். அதில் மரியாதைக்காக எழுதியிருந்த பாராட்டு வரியை மட்டும் அச்சிட்டுவிட்டு மற்றதை விட்டுவிட்டீர்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

என் அக்கா உங்கள் நெடுநாள் வாசகி. எண்ணெயில்லாச் சமையல் தொடரைப் படித்ததிலிருந்து தாளிக்கக்கூட எண்ணெய் விடுவதில்லை. நிலக்கடலையையும் விட்டுவிட்டார். கேட்டால் உங்கள் பத்திரிகையை எடுத்து என் முன்னால் வைக்கிறார். மனித இதயத்தின் கார்டியோலிப்பினில் உள்ள கொழுப்பு அமிலங்களில் பெரும்பகுதி லினோலிக் அமிலம். அதை உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். நல்லெண்ணெயிலும் கடலையிலும் அது இருக்கிறது. பஜ்ஜியும் வடையும் தினமும் சாப்பிடச் சொல்லவில்லை. அளவாகச் சாப்பிடுங்கள் என்று எழுதியிருந்தால் நான் ஏன் வருத்தப்படப் போகிறேன்?

பார்த் நோய் என்று ஒன்று உண்டு. நெதர்லாந்து மருத்துவர் பீட்டர் பார்த் 1983-ல் விவரித்தது. டஃபாசின் என்ற நொதி பழுதாகி, கார்டியோலிப்பின் சரியாக அமையாமல் போகிறது. பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்குத்தான் வருகிறது. இதயத் தசை பலவீனமாகிறது, கிருமியை எதிர்க்கும் வெள்ளணு குறைகிறது, நாலு அடி நடந்தாலே களைப்பு. அந்தப் பிள்ளைகளைப் பெற்ற அம்மாக்களிடம் போய் உங்கள் கட்டுரையாளர் அந்த வரியைச் சொல்வாரா?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு கட்டத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். இடம் இல்லையென்றால் என் அனுபவத்தையெல்லாம் வெட்டிவிடுங்கள். கார்டியோலிப்பின் பற்றிய வரிகளை மட்டும் விட்டுவையுங்கள், அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
திண்டுக்கல்.