கொடியேற்றத்துக்கு வருகிறவனுக்கு

யாழ்ப்பாணம்.

அன்பின் மச்சானுக்கு,

லண்டனிலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. வட்ஸ்அப்பில் நாலு வரி தட்டிவிடாமல் மூன்று பக்கம் கையால் எழுதியிருக்கிறாய், சந்தோஷம். எழுத்து மட்டும் அன்று போலவே கோழி கிளறினதுதான். இங்கே எல்லோரும் சுகம். எனக்கு வலது கண்ணில் புரை வெட்டியாயிற்று. இடது கண்ணுக்கு அவசரமில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். மகளின் சின்னவன் இப்போது நடக்கிறான், வீட்டில் ஒரு பொருள் வைத்த இடத்தில் இல்லை.

கொக்குவிலில் உன் வளவைப் போன கிழமை போய்ப் பார்த்தேன். கிணறு பரவாயில்லை. பின்பக்கக் கிடுகு வேலி முழுக்க விழுந்துபோய், பக்கத்துக்காரர் தகரம் அடித்திருக்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் அந்தத் தகரம் எல்லையில் நிற்கிறதா, உன் பக்கம் கொஞ்சம் நகர்ந்து நிற்கிறதா என்பது அளந்தால்தான் தெரியும். அதைத்தான் நீயும் எழுதியிருக்கிறாய்: நல்லூர்த் திருவிழா பார்க்க வேண்டும், காணி அலுவலை முடிக்க வேண்டும், தங்கச்சிக்குச் சிதம்பரம் போக வேண்டும். எத்தனை நாள் நிற்பேன் என்று எனக்கே தெரியாது, எந்த விசா எடுக்கிறது என்று கேட்டிருக்கிறாய்.

நீ நாளை எண்ணிக்கொண்டு தொடங்குகிறாய். என்னைக் கேட்டால், உள்ளே வந்த பிறகு விசாவை நீட்டலாமா, முடியாதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நீட்டக்கூடிய நாட்டுக்குக் குறைந்த நாளோடு வரலாம். நீட்ட முடியாத நாட்டுக்குக் கையில் தாராளமாக வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். உன் பயணத்தில் இலங்கை முதல் வகை, இந்தியா இரண்டாம் வகை.

முதலில் இங்கே. ஈ.ரி.ஏ. என்கிற ஒன்லைன் அனுமதியில் சுற்றுலாவுக்கு 30 நாள் தருவார்கள், இரண்டு முறை உள்ளே வரலாம். உனக்கு அந்த 30 காணாது. நல்லூர்க் கொடி ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் ஏறும். திருவிழா 25 நாள். 24ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம், அதற்கு அடுத்த நாள் பூங்காவனம். நீ கொடிக்கு இரண்டு நாள் முன்னே வந்து இறங்கினாலே, பூங்காவனத்தன்று 28ஆம் நாள் ஆகிவிடும். மிச்சம் இரண்டு நாளில் நில அளவையாளரைப் பிடித்து, நொத்தாரிசைப் பிடித்து, பழைய காணி உறுதியைத் தேடியெடுத்து அலுவல் முடிப்பாயா? திருவிழாக் காலத்தில் இங்கே ஒருவரிடமும் வேலை வாங்க முடியாது என்பது உனக்குத் தெரியாததா! தேர் முடிந்த பிறகுதான் ஊர் மூச்சு விடும்.

ஆனாலும் அந்த 30 நாளோடேயே வா என்றுதான் சொல்வேன். ஏனென்றால் இங்கே நின்றுகொண்டே நீட்டலாம். முதல் நீடிப்பில் வந்த நாளிலிருந்து 90 நாள் வரை தருவார்கள், தேவையென்றால் அதற்கு மேலும் கேட்கலாம். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு ஒன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம், பத்தரமுல்லைக்கு இரவு பஸ் பிடிக்கத் தேவையில்லை. இருக்கிற விசா முடிவதற்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும், அது ஒன்றுதான். தீர்த்தம் வரைக்கும் தள்ளிப்போடாதே. மஞ்சத் திருவிழா பத்தாம் நாள் வரும். அந்தக் கிழமையே உட்கார்ந்து அனுப்பிவிடு, நானும் பக்கத்தில் இருக்கிறேன்.

இன்னொன்று. அனுமதிக் கடிதத்தில் ஒரு முடிவுத் திகதி இருக்கும். அது நீ நாட்டுக்குள் வருவதற்கான கெடு, தங்கும் காலம் அல்ல. எதிர்வீட்டு அக்காவின் தம்பி ஜெர்மனியிலிருந்து வந்து, அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள திகதி வரைக்கும் நிற்கலாம் என்று ஆறுதலாக இருந்தார். திரும்பிப் போகிற அன்று விமான நிலையத்தில் தண்டப்பணம் கட்டிவிட்டுத்தான் ஏறினார். கட்டுநாயக்காவில் அதிகாரி முத்திரை குத்தித் தந்ததும், கவுண்டரை விட்டு விலகாமல் அந்தத் திகதியை வாசி. மை மங்கலாக இருந்தால் கேட்டுத் தெளிந்துகொள். தங்கச்சியின் கடவுச்சீட்டையும் பார், இரண்டு பேருக்கும் ஒரே திகதிதானா என்று.

ஒன்லைனில் தேடும்போது பழைய தகவல்களைப் பார்த்துக் குழம்பாதே. 2024 ஏப்ரலில் இந்த விசா வேலையை வெளியார் நிறுவனமொன்றிடம் கொடுத்து, ஓகஸ்ற்றில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தி, செப்ரெம்பர் கடைசியில் பழையபடி ஈ.ரி.ஏ.க்கே திரும்பிவிட்டார்கள். அந்த இடைக்காலத்து விவரங்கள் இன்னும் அங்கங்கே கிடக்கின்றன. கட்டணமும் மாறிக்கொண்டே இருக்கும், அரசாங்கப் பக்கத்தில் அன்றைக்கு என்ன போட்டிருக்கிறதோ அதைப் பார். அச்சொட்டாக அதே மாதிரித் தோன்றும் தரகர் பக்கங்களும் உண்டு, காசு கூடப் பிடுங்குவார்கள். முகவரி அரசாங்கத்தினுடையதுதானா என்று பார்த்துவிட்டுக் கார்ட் நம்பரைக் கொடு.

சிதம்பரம் கதை வேறு. இந்தியாவின் ஈ-விசாவில் சுற்றுலாவுக்கு 30 நாள், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று மூன்று உண்டு. அங்கே போய் அதை நீட்ட முடியாது. 30 நாள் விசாவில் இரண்டு முறைதான் உள்ளே போகலாம். ஒரு வருட விசாவில் பல முறை போய்வரலாம். அதைத்தான் எடு. பிரித்தானியக் கடவுச்சீட்டுக்கு ஒரு வருடத்தில் மொத்தம் 180 நாள் வரை தங்க விடுகிறார்கள், உனக்கு அவ்வளவு தேவையும் இல்லை. ஒன்றைக் கவனி: 30 நாள் விசா நீ போய் இறங்கிய நாளிலிருந்து எண்ணப்படும், ஒரு வருட விசா அனுமதி கிடைத்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். அதற்காகப் பயப்படாதே, பயணம் பிந்தினாலும் நிறைய மிச்சம் இருக்கும்.

போகிற ஒழுங்கை நீ எழுதியபடி விடாதே. திருவிழாவுக்கு நடுவில் சென்னைக்குப் போய்வருவோம் என்கிறாய். திரும்ப உள்ளே வரும்போது புதிதாக 30 நாள் கிடைக்கும் என்று எண்ணிவிடாதே, பிறகு கணக்கெல்லாம் குழம்பும். சிதம்பரத்தைக் கடைசியில் வை. லண்டனிலிருந்து கொழும்பு, இங்கே அலுவல் முடிந்ததும் பலாலியிலிருந்து சென்னை, சிதம்பரம் கும்பிட்டுவிட்டு அங்கிருந்தே லண்டன். பலாலி–சென்னை சின்ன விமானம், ஒன்றரை மணித்தியாலத்துக்குள் இறக்கிவிடும். அந்த ரிக்கற்றை இங்கே வந்தே போடலாம். லண்டன் ரிக்கற்றுக்கு மட்டும் திகதி மாற்றக்கூடியதாகப் பார், கொஞ்சம் காசு கூடினாலும் பரவாயில்லை. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் விட்டிருக்கிறார்கள், கப்பலில் போகத்தான் உனக்கு ஆசை என்று தெரியும். ஈ-விசா எல்லாத் துறைமுகத்திலும் செல்லாது, பட்டியலைப் பார்க்காமல் பதியாதே. சென்னை விமான நிலையத்தில் அந்தப் பிரச்சினை இல்லை.

இரட்டைப் பிரஜாவுரிமை பற்றியும் கேட்டாய். 55 வயது தாண்டியவர்களுக்கு அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, நீ எப்போதோ தாண்டிவிட்டாய். வருடா வருடம் வந்து மாதக்கணக்கில் நிற்கப் போகிறாய் என்றால் செய்துவிடு, பிறகு இங்கே வர விசாவே தேவையில்லை. ஆனால் இந்த ஆவணிக்கு அதை நம்பி இருக்காதே. பிறப்புச் சாட்சிப் பத்திரம் தேடுவதிலேயே பாதிக் காலம் போய்விடும். ஒரு சந்தேகம் எனக்கு உண்டு, சொல்கிறேன்: உனக்கு அது விசாச் செலவைக் குறைக்கவா, அல்லது திரும்பி வந்துவிடலாம் என்று ஒரு எண்ணமா? தங்கச்சியைக் கேட்காமல் எனக்கு மட்டும் எழுது.

கடவுச்சீட்டு இரண்டிலும் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடிக் காலம் இருக்கிறதா என்று இன்றைக்கே பார். காப்புறுதியை முதல் மாதத்தோடு நிறுத்தாமல், நீட்டக்கூடிய மாதிரி எடு. உறுதியின் நிழற்பிரதியை இப்பவே அனுப்பிவிடு. அளவையாளரிடம் ஒரு நாள் குறித்து வைக்கிறேன், பூங்காவனம் கழிந்த கையோடு அவர் வந்தால் உனக்கு அதிகம் மினக்கெடத் தேவையிராது.

அன்புடன்,
பள்ளிக்கூடத்துப் பின் வாங்குத் தோழன்