காருக்கு முன்னால் தொங்கும் வயர்

வின்னிபெக், கனடா,
தை மாதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அப்பா, அம்மா, அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். பொங்கலுக்கு அனுப்பிய காசு கிடைத்ததாக அண்ணி சொன்னார். நுவரெலியாப் பக்கம் உறைபனி விழுந்து கொழுந்து கருகிப்போனதாகக் கேள்விப்பட்டேன். இந்த மாதம் முடியும் வரைக்காவது விடியற்காலையில் தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போக வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கம்பளிச் சட்டை ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன்.

போட்டோவைப் பார்த்துவிட்டு, "கரண்டில் ஓடுகிற காரா வாங்கினாய்?" என்று கேட்டீர்கள். இல்லை அண்ணே, பெற்றோல் கார்தான். முன் கிரில்லுக்குள்ளிருந்து தொங்குகிறதே ஒரு வயர், அது இஞ்சினைச் சூடாக்குகிற ஹீட்டருடைய வயர். பிளாக் ஹீட்டர் என்பார்கள். போனில் சொல்ல ஆரம்பித்தேன், லைன் போய்விட்டது. நீங்கள் இஞ்சினைக் கழற்றி மாட்டுகிற ஆள். உங்களுக்கு ஒழுங்காகச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், இது உங்கள் லொறியில் இருக்கிற ஹீட்டர் பிளக் இல்லை. அது சிலிண்டருக்குள் டீசல் பற்றுகிற இடத்தைச் சில விநாடிகள் சூடாக்கும், அவ்வளவுதான். இது இஞ்சின் பிளாக்குக்குள் நிற்கிற கூலன்டை, அதாவது இஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீரை, மணிக்கணக்கில் சூடாக்கும். சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், குளிர்ந்தது கீழே வரும். அப்படியே பிளாக் முழுவதும் சூடு பரவி, ஒயிலுக்கும் கொஞ்சம் போய்ச் சேரும்.

எதற்கு இதெல்லாம் என்று கேட்பீர்கள். நம்ம ஊர்க் குளிர் வேறு, இது வேறு. நுவரெலியாவில் புல்லில் வெள்ளை படிந்தாலும் பூச்சியத்தை ஒட்டித்தான் இருக்கும், வெயில் ஏறினால் போய்விடும். இங்கே தை மாத இரவில் மைனஸ் 30 என்றால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அந்தக் குளிரில் இஞ்சின் ஒயில் இறுகிய தேன் மாதிரி ஆகிவிடும். பெட்டரியும் மந்தமாகி, மைனஸ் 18இலேயே அதன் பலம் ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிடும். இஞ்சினைச் சுற்றக் கூடுதல் பலம் வேண்டிய நேரத்தில்தான் பெட்டரிக்கு உள்ள பலமும் போகிறது. ஸ்டார்ட்டர் இரண்டு தரம் முனகிவிட்டு நின்றுவிடும். தப்பித் தவறிப் பிடித்தாலும், ஒயில் மேலே ஏறும் வரை இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டுதான் ஓடும். இஞ்சின் தேய்வது ஓடும்போது இல்லை, எழும்பும்போதுதான் என்று நீங்கள் சொல்வீர்களே, அது இங்கே நூற்றுக்கு நூறு உண்மை.

ஊரில் பெட்டரி இறங்கினால் என்ன செய்வோம்? லயத்துக்கு மேலே இறக்கத்தில் நிறுத்திவைத்து, காலையில் பிரேக்கை எடுத்துவிட்டு, செகண்ட் கியரில் கிளச்சை விடுவோம். லொறி எழும்பிவிடும். இங்கே அந்தக் கதை நடக்காது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு மேடு கிடையாது, போதாக்குறைக்கு இங்கே பெரும்பாலான காரும் ஓட்டோ கியர். எழும்பாவிட்டால் எழும்பாததுதான்.

அதுவும் என் மனைவியின் வேலை முதியோர் இல்லத்தில், காலை முறை. இருட்டோடு கிளம்பினால்தான் இரவு முறைக்காரர்களை நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்பலாம். காற்றையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கிற குளிர் மைனஸ் 40ஐத் தாண்டினால், மூடாத தோல் பத்து நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம் என்று இங்கே எச்சரிக்கிறார்கள். அந்த நேரத்தில் அவளைத் தனியாக பஸ் நிறுத்தத்தில் நிறுத்த எனக்கு மனமில்லை. கார் எழும்பியே ஆக வேண்டும்.

இந்தப் பக்கத்தில் விற்கிற கார்களில் பெரும்பாலும் ஹீட்டரும் சேர்ந்தே வரும். நான் வாங்கியது மேற்குக் கடற்கரையில் ஓடிய கார். அங்கே இந்தக் குளிர் இல்லாததால் யாரும் பூட்டவில்லை. கராஜில் கூலி கூடுதலாகக் கேட்டார்கள். பக்கத்து வீட்டு பிலிப்பைன்ஸ்காரர் தன் கராஜைத் திறந்துவிட்டு, "இங்கேயே செய், நான் பிடிக்கிறேன்" என்றார். நல்ல மனிதர். ஐப்பசியில், பனி கொட்ட முதலே செய்து முடித்தோம்.

எங்கே பூட்டுவது என்றால் உங்களுக்கு உடனே விளங்கும். உங்கள் மரக்கறி லொறியில் துருப்பிடித்து ஒழுகிய வெல்ச் பிளக்கை, பிளாக்கின் ஓட்டையை மூடுகிற அந்தத் தகட்டு மூடியை, தட்டி எடுத்துப் புதிது அடித்தீர்களே, அதே ஓட்டைதான். பிளாக்கை வார்க்கும்போது உள்ளே வைத்த மணலை எடுக்க விட்ட ஓட்டை. அதில் ஒரு பிளக்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஹீட்டரை வைக்க வேண்டும். எந்தப் பிளக் என்பது இஞ்சினைப் பொறுத்தது, ஹீட்டரோடு வருகிற தாளில் போட்டிருக்கும்.

இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு கூலன்டைத் தட்டில் இறக்கினோம். அதை வடிகானில் ஊற்றக் கூடாது அண்ணே. இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், நக்கினால் செத்துப்போகும். ரேடியேட்டரில் இறக்கினாலும் பிளாக்கில் மிச்சம் நிற்கும், பிளக்கை எடுக்கும்போது அது மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் ஓடியது. பழைய ஸ்குரூ டிரைவரைப் பிளக்கின் ஓரத்தில் வைத்துத் தட்டினால் அது ஓட்டைக்குள்ளேயே குறுக்காகத் திரும்பும், அப்புறம் குறட்டால் பிடித்து இழுக்கலாம். ஓட்டையின் விளிம்பை எமரி பேப்பரால் பளபளக்கும் வரை தேய்த்தேன். அந்த இடத்தில் ஒரு துகள் துரு இருந்தாலும் ஹீட்டரின் ஓ ரிங், அந்த ரப்பர் வளையம், ஒட்டாது, குளிர் காலம் முழுக்க ஒழுகும். ஓ ரிங்கில் கொஞ்சம் கூலன்ட் தடவி, ஹீட்டரை நேராகத் தள்ளினேன். அதன் கம்பிச் சுருள் உள்ளே பிளாக்கின் சுவரில் எங்கும் படக் கூடாது, படாத கோணத்தைத் தேடித் திருப்பி வைக்க வேண்டும். பிறகு நடு ஸ்குரூவை முறுக்கினால் உள்ளே ஒரு இறக்கை விரிந்து பிடித்துக்கொள்ளும். நண்பர் லைட் அடித்தார், நான் கையை நுழைத்துத் தடவித் தடவியே முறுக்கினேன்.

வயரை சைலன்சர் குழாய், பெல்ட், ஃபேன் எதிலும் முட்டாமல் கேபிள் டை போட்டு முன்னால் கொண்டுவந்தோம். கூலன்டும் சுத்தத் தண்ணீரும் சரி பாதி. அப்படிக் கலந்தால் மைனஸ் 37 வரை உறையாது. ஊற்றி, இஞ்சினை ஓடவிட்டு, காற்றை எடுத்து, ஒழுகுகிறதா என்று பார்த்த பிறகுதான் கரண்டில் குத்தினோம். தண்ணீர் இல்லாமல் குத்தினால் ஹீட்டர் அந்த இடத்திலேயே எரிந்துபோகும். குத்திக் கொஞ்ச நேரத்தில் பிளாக்கில் காதை வைத்தால் கெண்டி கொதிக்கத் தொடங்கும்போது வருகிற சத்தம் மெல்லக் கேட்டது. நண்பர் என் முதுகில் தட்டினார். நீங்கள் பக்கத்தில் நிற்கவில்லையே என்றிருந்தது.

இதைக் கண்டுபிடித்தவர் இங்கிருந்து தெற்கே, எல்லையைத் தாண்டினால் வருகிற வட டகோட்டாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன். பழைய செம்புக் குழாயையும் இஸ்திரிப் பெட்டியின் ஹீட்டர் கம்பியையும் வைத்து முதலாவதைச் செய்தாராம். 1949இல் காப்புரிமை எடுத்திருக்கிறார். அப்பாவுக்கு இதைக் கட்டாயம் வாசித்துக் காட்டுங்கள். பழைய சாமானை எறியாமல் வைத்திருக்கிறவர் அவர்தானே.

கரண்ட் பில் பற்றி அண்ணி கேட்டார். ஹீட்டர் 400 வாட். இரவு முழுக்கப் போடத் தேவையில்லை, எழுப்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் போட்டால் போதும். டைமர் வைத்திருக்கிறேன், நாங்கள் தூங்கும்போதே அது போட்டுவிடும். ஒரு நாளைக்கு ஒரு யூனிட்கூட ஆகாது. இங்கே கரண்டும் மலிவு, கிட்டத்தட்ட எல்லாமே ஆற்று நீரில் எடுப்பது. தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை மாதிரி வடக்கே நெல்சன் ஆற்றில் பெரிய பெரிய அணைகள். வேலைத்தளங்களிலும் கார் நிறுத்துகிற இடத்தில் வரிசையாகக் கம்பம் நட்டு பிளக் வைத்திருக்கிறார்கள். வயரைக் கழற்ற மறந்து ஓட்டிப்போகாமல் இருக்க, ஓட்டுகிறவர் பக்கத்துக் கண்ணாடியில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவது இங்குள்ளவர்களின் பழக்கம். அவளும் அப்படித்தான் செய்கிறாள்.

லொறிக்கு ஒன்று அனுப்பட்டுமா என்று யோசித்தேன், வேண்டாம். இது 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம்ம 230இல் குத்தினால் எரிந்துபோகும். தலவாக்கலைக் குளிருக்கு இது தேவையும் இல்லை. ஆனால் ஒன்று செய்யுங்கள் அண்ணே. ரேடியேட்டருக்குப் பீலித் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். வெறும் தண்ணீர்தான் அந்த வெல்ச் பிளக்கை அரித்தது, புதிதையும் அரிக்கும். கூலன்ட் உறையாமல் இருக்க மட்டும் இல்லை, துருவையும் தடுக்கும், கொதிக்கிற சூட்டையும் உயர்த்தும். மூட்டையோடு றம்பொடை ஏற்றம் ஏறும்போது உங்களுக்கே வித்தியாசம் தெரியும். ஒரு தரம் நன்றாகக் கழுவிவிட்டுப் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். அதற்கான காசை அடுத்த முறை சேர்த்து அனுப்புகிறேன், வேறு செலவுக்கு எடுத்துவிட வேண்டாம்.

அப்பாவின் கண் கிளினிக் என்றைக்கு என்று எழுதுங்கள். சின்னவனுக்குப் புலமைப்பரிசில் வகுப்பு தொடங்கிவிட்டதா?

அன்புடன்,
தம்பி