20 பைட் பேக்கப்புக்கு மாதம் 6,500 ரூபாய்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

நாள்: 6.8.2025

பொருள்: எங்கள் விதைக் கடை இணையதளத்தின் தரவுத்தளம் 22.7.2025 இரவு சிதைந்ததும் 11 நாள் ஆர்டர்கள் அழிந்ததும் தொடர்பாக

ஐயா / அம்மையீர்,

எங்கள் இணையதளத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்வதற்காக 2023 ஏப்ரலில் இருந்து உங்களுக்கு மாதம் 6,500 ரூபாய் கட்டிவருகிறேன். நாட்டு விதைகளை இணையத்தில் விற்கும் சிறிய கடை எங்களுடையது. நானும் என் மனைவியும் பொட்டலம் கட்ட இரண்டு பேரும்தான். வருடம் முழுக்க ஏதோ ஓடும், ஆடியில்தான் உண்மையான வியாபாரம். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பார்களே, அந்த நாலு வாரத்தை நம்பித்தான் எங்களுக்கு மற்ற மாதங்கள். இந்த வருடம் ஆடி பிறந்த ஆறாம் நாள் இரவு 9.40-க்குத் தளம் நின்றுபோனது. வெள்ளைத் திரையில் ‘தரவுத்தளத்துடன் இணைக்க முடியவில்லை’ என்று ஒரே ஒரு வரி.

இதைப் பற்றி ஏற்கெனவே உங்கள் தளத்தில் நான்கு டிக்கெட், அதாவது புகார், போட்டுவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆள் பதில் எழுதினார், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே மொத்தத்தையும் இங்கே எழுதிவிடுகிறேன். எனக்குக் கணினி வேலை தெரியாது. கெஞ்சிக் கேட்டபின் நீங்கள் அனுப்பிய கட்டளைப் பதிவை, தரவுத்தள நிர்வாகியாக வேலை பார்க்கும் என் அக்கா மகன்தான் வரிவரியாகப் படித்துச் சொன்னான்.

தொடக்கம் சாதாரணமானது, டிஸ்க்கில் இடம் தீர்ந்துவிட்டது. எங்கள் தரவுத்தள மென்பொருளின் பெயர் மைஎஸ்கியூஎல். முதன்மைச் சர்வரின் தரவை அப்படியே பிரதியாக வைத்திருக்கும் நகல் சர்வருக்கு அனுப்புவதற்காக, ஒவ்வொரு மாற்றத்தையும் அது எழுதிவைக்கும் பைனரி லாக் கோப்புகள் இரண்டு வருடமாகச் சேர்ந்து டிஸ்க்கை நிரப்பியிருக்கின்றன. எங்கள் சர்வர் இன்னும் 5.7 பதிப்பில் ஓடுகிறது. அந்தப் பதிப்பில் பழைய பைனரி லாக்கை எத்தனை நாளில் அழிப்பது என்ற அமைப்பை யாரும் தொடாவிட்டால் அது பூஜ்யத்தில் இருக்கும். பூஜ்யம் என்றால் எப்போதுமே அழிக்காதே என்று அர்த்தமாம். 8.0 பதிப்பில் அது தானாகவே 30 நாள். 5.7-க்கான ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டது. பதிப்பை மாற்றச் சொல்லி இரண்டு முறை எழுதினேன். ‘சீசன் முடியட்டும் சார்’ என்று பதில் வந்தது. எந்த வருடத்துச் சீசன் என்று அப்போது கேட்காமல் விட்டது என் தப்பு.

இடம் தீர்வது யாருக்கும் நடக்கும். அதற்கு அப்புறம் நடந்ததுதான் பெரிய கொடுமை. இரவுப் பணியில் இருந்த உங்கள் பொறியாளர் மைஎஸ்கியூஎல்லை வலுக்கட்டாயமாக நிறுத்திவிட்டு, பெயரில் ‘லாக்’ என்று இருந்த கோப்புகளையெல்லாம் கையாலேயே அழித்திருக்கிறார். பைனரி லாக்கோடு, மைஎஸ்கியூஎல்லில் தரவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபியின் ரீடூ லாக்கும் போனது. ரீடூ லாக் குப்பைக் காகிதம் இல்லை. ஒரு ஆர்டர் உறுதியானதும், டேபிள் கோப்புக்குப் போய்ச் சேரும் முன்பே, அது எழுதப்படும் இடம் அதுதான். பாதியில் நிறுத்தப்பட்ட சர்வர் மறுபடி எழும்போது அதைப் படித்துத்தான் விட்ட இடத்தைச் சரிசெய்துகொள்ளும். அது இல்லாமல் எழுப்பப்பட்டதால் ஆர்டர் டேபிள் சிதைந்தது. பழைய பைனரி லாக்கைப் பத்திரமாக நீக்க மைஎஸ்கியூஎல்லுக்குள்ளேயே ஒரு வரிக் கட்டளை உண்டு. அந்தப் பொறியாளரை நான் குறை சொல்லவில்லை. ராத்திரி பத்து மணிக்கு ஒரு பையனைத் தனியாக உட்காரவைத்து, கேட்பதற்குப் பெரியவர் யாரும் இல்லாமல் விட்டது நீங்கள்.

சரி, பேக்கப் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். தினமும் காலை ‘பேக்கப் வெற்றி’ என்று எனக்கு மின்னஞ்சல் வரும், அதைப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பேன். மார்ச் 9-ஆம் தேதி பேக்கப் எடுக்கும் கணக்கின் பாஸ்வேர்டை யாரோ மாற்றியிருக்கிறார்கள், தினமும் பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்டில் மாற்றவில்லை. அன்றிலிருந்து பேக்கப் எடுக்கும் கட்டளை ஒன்றுமே எடுக்கவில்லை. ஆனால் அதன் பின்னால் கோத்திருந்த, கோப்பைச் சுருக்கும் நிரலான ஜிஜிப் அந்த ஒன்றுமில்லாததைக் கடமை தவறாமல் சுருக்கி ஒரு கோப்பாக்கி, வேலை முடிந்தது என்று சொல்லியிருக்கிறது. ஸ்கிரிப்ட் கேட்டது ஜிஜிப்பின் பதிலை மட்டும்தான். இப்படிக் கோத்த இடத்தில் ஒன்றுமே வராவிட்டால் ஜிஜிப் தரும் கோப்பு 20 பைட் இருக்குமாம். மார்ச் முதல் ஜூலை வரை நூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகள், ஒவ்வொன்றும் சரியாக 20 பைட். வரிசையாகப் பட்டியலில் பார்த்திருந்தால் என் பள்ளிக்கூடத்துப் பெண்கூடக் கண்டுபிடித்திருப்பாள்.

அடுத்து நகல் சர்வர். ஜூலை 11-ஆம் தேதி நீங்கள் தீயரண் விதிகளை மாற்றியபோது மைஎஸ்கியூஎல் பேசும் வழியான 3306 போர்ட் அடைபட்டு, நகல் சர்வர் முதன்மைச் சர்வரோடு பேசுவதை நிறுத்திவிட்டது. உங்கள் கண்காணிப்பு ஏன் மணி அடிக்கவில்லை? நகல் எத்தனை நொடி பின்தங்கியிருக்கிறது என்ற எண் 300-ஐத் தாண்டினால் எச்சரிக்கை என்று வைத்திருக்கிறீர்கள். தொடர்பே அறுந்துவிட்டால் அந்த இடத்தில் எண் வராது, ‘நல்’ (மதிப்பே இல்லை) என்று வரும். நல் 300-ஐவிடப் பெரியது இல்லை, ஆகவே எல்லாம் நலம்! அந்த 11 நாள் மாற்றங்களும் வேறு எங்கே இருந்தன என்றால், உங்கள் பொறியாளர் அழித்த அந்தப் பைனரி லாக் கோப்புகளில்தான். இருந்த ஒரே வழியும் கையாலேயே அடைக்கப்பட்டது.

மறுநாள் மாலை தளம் திரும்பி வந்தது என்று போன் செய்தீர்கள். திறந்து பார்த்தால் எல்லாம் கேள்விக்குறி. நகல் சர்வரிலிருந்து தரவை எடுக்கும்போது எழுத்துக் குறியாக்கத்தை லத்தீன்-1 என்று கொடுத்திருக்கிறார்கள். லத்தீனில் தமிழ் எழுத்து கிடையாது, எனவே ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி. கணினிக்குப் புள்ளியும் தனி, இகரக் குறியும் தனி என்பதால் கத்தரிக்கு ஆறு கேள்விக்குறி. வெண்டைக்கும் ஆறு. அவரைக்கு நாலு. எண்ணிப் பார்த்து விதை அனுப்பலாம் என்றால்கூட கத்தரி எது, வெண்டை எது என்று தெரியாது. வாடிக்கையாளர்களின் முகவரிகளும் அப்படியே. நல்லவேளையாக நகல் சர்வரில் மூலம் இருந்தது, அக்கா மகன் சொல்லி மறுபடி எடுக்கவைத்தோம். ‘இது ஃபான்ட் பிரச்சினை, பிரௌசரை மாற்றிப் பாருங்கள்’ என்று அதற்கு முன் எனக்கு ஒரு அறிவுரையும் கிடைத்தது.

ஜூலை 11 முதல் 22 வரை பணம் கட்டிய ஆர்டர்கள் 143. பணம் வாங்கித்தரும் நிறுவனத்தின் பட்டியலில் தொலைபேசி எண்ணும் தொகையும் இருந்தன, என்ன விதை என்பது இல்லை. ஐந்து நாள் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் நானும் மனைவியும் அழைத்தோம். ‘என்ன விதை கேட்டிருந்தீங்க?’ என்று கடைக்காரனே கேட்கும் நிலைமை. ஒரு பாட்டி, ‘ஏன் தம்பி, காசு வந்தது மட்டும் ஞாபகம் இருக்கா?’ என்றார். 128 பேருக்கு அனுப்பிவிட்டோம். 9 பேர் பட்டம் தவறிவிட்டது என்று பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 6 பேரை இன்றுவரை பிடிக்க முடியவில்லை.

இனி உங்கள் பதில்களுக்கு வருகிறேன். முதல் டிக்கெட்டில், மைஎஸ்கியூஎல் ஆரக்கிளின் தயாரிப்பு, அவர்களிடம் கேளுங்கள் என்றீர்கள். மூன்றாவதில், அது திறமூல மென்பொருள், யாரும் பொறுப்பில்லை என்றீர்கள். மைஎஸ்கியூஎல் வெளிவரும் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் பொறுப்புறுதி (வாரண்டி) இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதே உரிமத்தின் இரண்டாம் பதிப்பில், விரும்பினால் கட்டணம் வாங்கிக்கொண்டு நீங்கள் பொறுப்புறுதி தரலாம் என்றும் எழுதியிருக்கிறது. மென்பொருள் இலவசம்தான், அதற்கு நான் பைசா தரவில்லை. மாதம் 6,500 தந்தது நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்பதற்கு. நம் ஒப்பந்தத்தில் ‘மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து மீட்டுச் சோதித்தல்’ என்று ஒரு வரி இருக்கிறது. மார்ச்சுக்குப் பின் ஒரே ஒரு மாதம் அதைச் செய்திருந்தாலும் போதும். மைஎஸ்கியூஎல் எங்கேயும் தவறவில்லை. நீங்கள் சொன்னதைத்தான் செய்தது.

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களை வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் இதே மாதிரி நடந்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், தவறான சர்வரில் தரவு அழிக்கப்பட்டது. பதிப்பு பொருந்தாமல் அவர்களுடைய பேக்கப்பும் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது, அதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முந்தைய ஒரு நகல் தற்செயலாகக் கைக்குக் கிடைத்ததால் பிழைத்தார்கள். ஆனால் எங்கே தவறினோம் என்று அவர்களே உலகத்துக்கு எழுதினார்கள், மீட்பு வேலையை நேரலையாகவே காட்டினார்கள். உங்களிடம் கட்டளைப் பதிவை வாங்கவே எனக்கு ஒன்பது நாள் ஆனது.

இன்னொன்று, கோபத்தில் மறந்துவிடப் போகிறேன். 8 ஜிபி நினைவகம் உள்ள சர்வருக்குப் பணம் வாங்குகிறீர்கள். இன்னோடிபி தரவை வைத்துக்கொள்ளும் பஃபர் பூல் இன்னும் 128 எம்பியில், அதாவது நிறுவிய அன்று இருந்தபடியே இருக்கிறது. தளம் மந்தமாக இருக்கிறது என்று போன வருடம் சொன்னபோது 16 ஜிபிக்கு மாறச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா?

மார்ச் முதல் ஜூலை வரை ஐந்து மாதக் கட்டணம் 32,500 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். திரும்பக் கொடுத்த 9 ஆர்டர்களின் நட்டத்துக்கான கணக்கை இணைத்திருக்கிறேன், அதுவும் வேண்டும். நடந்தது என்ன என்று கையெழுத்திட்ட அறிக்கை வேண்டும். 5.7-இலிருந்து மாற்றும் தேதியை எழுத்தில் தாருங்கள், அதற்கு முன் ஒரு பேக்கப்பை வேறு சர்வரில் மீட்டு எங்கள் கண்முன் திறந்து காட்டுங்கள். தினசரி நகல் ஒன்று எனக்கும் வர வேண்டும். வீட்டு டிஸ்க்கில் நானே வைத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 21-க்குள் பதில் வராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வணிக நோக்கம் என்று தள்ளிவிடலாம் என நினைக்க வேண்டாம், பிழைப்புக்காகச் செய்யும் சுயதொழில் அதில் சேராது. நான் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடவும் சட்டம் இடம் தருகிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: இன்று காலையும் ‘பேக்கப் வெற்றி’ என்று மின்னஞ்சல் வந்தது. புதிய சர்வரிலும் பழைய ஸ்கிரிப்டையே போட்டிருக்கிறீர்கள் போல. கோப்பின் அளவு தெரியும்படி படம் பிடித்து இணைத்துள்ளேன். 20 பைட்.