சின்னவனின் கையில் இருப்பது கட்டு இல்லை, கையுறை

ஒஸ்லோ,
தை மாதக் கடைசி

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நால்வரும் நல்ல சுகம். அங்கே எல்லோரும் சுகமாக இருக்கச் சன்னிதி முருகன் துணை.

உங்கள் கடிதம் போன கிழமை வந்தது. நீங்கள் சொல்லச் சொல்லத் தம்பி முணுமுணுத்துக்கொண்டு எழுதியிருக்கிறான் என்று கையெழுத்திலேயே விளங்கியது. நடுவில் இரண்டு வரியை அவனே சேர்த்திருக்கிறான், புதுப் போன் வேண்டுமாம், அதை நான் வாசிக்காத மாதிரி இருக்கிறேன் என்று சொல்லுங்கள். தொலைபேசியில் உங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, நான் கத்தினால் இங்கே மேல்மாடிக்காரர் புருஷன் பெண்சாதி சண்டை என்று நினைக்கிறார்கள், ஆகவே எழுதுவதுதான் இருவருக்கும் நல்லது.

முதலில் நீங்கள் பயந்த விஷயம். தம்பியின் போனில் பார்த்த படத்தில் சின்னவனின் இரண்டு கையிலும் இருப்பது கட்டு இல்லை அம்மா. அவனுக்குச் சுடுதண்ணீர் ஊற்றுப்படவும் இல்லை, விழுந்து கை முறியவும் இல்லை. அது பனியில் விளையாடப் போடுகிற கையுறை. நாலு விரலும் ஒரே பைக்குள் இருக்கும், பெருவிரல் மட்டும் தனியாக நிற்கும். பருத்தித்துறை மாமி நேர்த்தி வைத்துவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள், வைத்தது வைத்ததாகவே இருக்கட்டும், எதற்கும் உதவும்.

உங்களுக்குக் குளிர் என்றால் திருவெம்பாவைக்கு விடிய எழும்பிக் கிணற்றில் அள்ளி ஊற்றுகிற குளிர்தான். இங்கே குளிரை விட ஈரம்தான் பொல்லாதது. சைபருக்குக் கீழே பத்துப் பாகை என்றால் பனி காய்ந்து கிடக்கும், கையை உதறினால் கொட்டிப்போகும், அன்றைக்குத் தடித்த கம்பளிக் கையுறையே போதும். சைபரை ஒட்டி நிற்கிற நாளில்தான் கரைச்சல். பனி பாதி தண்ணீராக இருக்கும், பிள்ளை அதை அளைய அளைய ஊறிக்கொண்டே போகும், நனைந்த துணி கையிலுள்ள சூட்டை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிடும். கொஞ்ச நேரத்தில் விரல் சிவந்து, குத்துகிறது என்று கத்தத் தொடங்குவான். ஒஸ்லோ கடலோரம் என்பதால் மாரி முழுக்க அப்படிப்பட்ட நாட்கள் கனக்க வரும். அதனால்தான் தண்ணீர் புகாத கையுறைக்கு இவ்வளவு பாடு.

வீட்டுக்குள் வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அது நடக்காது. நேசரியில் ஒவ்வொரு நாளும் பிள்ளைகளை வெளியே விடுவார்கள், மழை பனி பார்ப்பதில்லை. இவர்கள் கைக்குழந்தைகளையே தள்ளுவண்டியில் சுற்றிக் கட்டி வெளியில்தான் பகல் நித்திரைக்கு விடுவார்கள், நீங்கள் பார்த்தால் பொலிசைக் கூப்பிடுவீர்கள். உள்ளே கம்பளி உடுப்பு, மேலே நனையாத உடுப்பு, கையுறை ஒன்றுக்கு இரண்டு மூன்று சோடி, எல்லாவற்றிலும் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். நேசரியில் சூட்டுக்காற்று அடிக்கிற ஒரு அலுமாரியே இருக்கிறது, நனைந்ததை எல்லாம் அதற்குள் கொழுவிவிட்டு அடுத்த சோடியைப் போட்டு அனுப்புவார்கள்.

கொழும்பு மாமா புறக்கோட்டையில் கையுறை மலிவாகக் கிடக்கிறது, வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டாராம். அவருடைய மனசுக்கு நன்றி சொல்லுங்கள், ஆனால் அது மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர்கள் போடுகிறது. இங்கே கடையிலேயே கவனமாகப் பார்க்காவிட்டால் ஏமாந்துபோவோம். தண்ணீர் ஒட்டாது என்று எழுதியிருக்கும், அது துணிக்கு மேலே பூசின மருந்து, தூறலுக்குத் தாங்கும், பனிக்குள் முழங்காலில் இருந்து கிண்டுகிற பிள்ளைக்கு உதவாது. தண்ணீர் புகாதது என்றால் மேல்துணிக்கும் உள்துணிக்கும் இடையில் கோர்டெக்ஸ் போல ஒரு சவ்வு இருக்கும். வெளித் தண்ணீரை விடாது, கையில் வேர்க்கிற ஆவியை வெளியே விடும். வேர்வை உள்ளே நின்றாலும் ஈரம்தானே, பிறகு குளிரும்.

நான் இப்போது முதலில் மணிக்கட்டுப் பக்கத்தைத்தான் பார்க்கிறேன். பனி புகுவது அதன் வழியாகத்தான். நீளமாக இருந்து சட்டைக் கைக்கு மேலே ஏறி, இழுத்து இறுக்குகிற கயிறு இருந்தால் நல்லது. அந்தக் கயிற்றைக் கையுறை போட்ட மற்றக் கையாலேயே இழுக்க முடிகிறதா என்று கடையில் சின்னவனையே செய்யச் சொல்லுவேன், ஏனென்றால் நேசரியில் அத்தனை பிள்ளைகளுக்கும் ஆசிரியைகள் போட்டுவிட முடியாது. அவன் வயதுக்கு ஐந்து விரலையும் ஐந்து ஓட்டைக்குள் நுழைப்பது பெரிய வேலை, இரண்டு விரல் ஒன்றுக்குள் போய் அழுகை வரும். அதோடு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால்தான் ஒன்றின் சூடு மற்றதுக்குப் போகும். அளவு விஷயத்தில் எங்கள் புத்தி எப்போதும் அடுத்த வருஷத்துக்கும் ஆகும் என்று பெரிதாக எடுக்கச் சொல்லும், நான் அப்படி எடுப்பதில்லை. பெரிதானால் கையில் ஒன்றும் பிடிபடாது. இறுக்கமானால் காற்று நிற்க இடமில்லாமல், இரத்தமும் ஓடாமல் விறைக்கும். விரல் நுனியில் கொஞ்சம் இடம் இருந்து, பொத்திப் பிடிக்க முடிந்தால் சரி.

மூத்தவளோடுதான் வழக்கு. பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் ஸ்கீ ஓடக் கூட்டிப்போகும் நாள் வருகிறது, அடுத்த மாதம் ஒரு கிழமை விடுமுறையும் இருக்கிறது, அவளுக்கு விரல் உள்ள கையுறைதான் வேண்டுமாம், கூட்டாளிகள் எல்லோருக்கும் அதுதானாம். காட்டுக்குள் சமதரையில் தள்ளி ஓடுகிற ஸ்கீக்கு அது பரவாயில்லை, ஓட ஓட உடம்பு சூடாகிவிடும், தடிகளைப் பிடிக்கவும் விரல் பிரிந்திருந்தால் வசதி. மலையில் ஏறிச் சறுக்குகிறதுக்கு அது சரிவராது, மேலே இழுத்துப் போகிற கம்பியில் சும்மா தொங்கிக்கொண்டு போகும்போதுதான் விரல் செத்துப்போகும். உள்ளங்கையும் அந்தக் கம்பியில் உரஞ்சித் தேயும், அதனால் உள்ளங்கைக்குத் தோல் வைத்துத் தைத்ததாகப் பார்க்க வேண்டும். கடைசியில் விரல் உள்ளதற்குள்ளே ஒரு மெல்லிய கம்பளியும், முதுகுப்பைக்குள் நாலு விரலும் ஒன்றாகப் போகிற பெரிய கையுறை ஒரு சோடியும் என்று சமாதானம் ஆனோம். ஸ்கீ, சப்பாத்து, தலைக்கவசம் எல்லாம் ஒரு கிழமைக்குச் சும்மா இரவல் கொடுக்கிற இடம் இருக்கிறது, பூஆ என்று பெயர், நல்ல ஏற்பாடு. கையுறையை மட்டும் வாங்கினோம். நல்ல சோடி ஒன்று நானூறு ஐந்நூறு குரோனர், இலங்கைக் காசுக்கு மாற்றிப் பார்க்க வேண்டாம். சின்னவனுடையது ஒரு தாய் தன் பிள்ளைக்குச் சின்னதாகிவிட்டது என்று விற்றது, புதிது போலத்தான் இருக்கிறது. இங்கே எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறார்கள், காசில்லாமல் இல்லை.

கீழ்வீட்டுக் கிழவியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அப்படியேதான் இருக்கிறார். லிப்டில் நின்றால் சுவரைப் பார்ப்பார், காட்டுப் பாதையில் கண்டால் மட்டும் கை காட்டி வணக்கம் சொல்லுவார், இந்த நாட்டுக்காரர் எல்லோருக்கும் இதுதான் வழக்கம் போல. நான் கருவாடு பொரித்த அன்றைக்குக் கதவைத் தட்டினார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நான் நிற்க, அது என்ன மீன் என்று கேட்டார். அவர் வடக்கே லொபோத்தன் தீவுகளிலிருந்து வந்தவர், அங்கே பெரிய மீனைத் தலை வெட்டி, சோடி சோடியாகக் கட்டி, மரச்சட்டங்களில் குளிர்காற்றில் காயவிடுவார்கள், உப்பே போடாமல். ஒரு துண்டு கொடுத்தேன், வாயில் வைத்துவிட்டு உறைக்கிறது என்று சிவந்துபோய்விட்டார், ஆனால் திருப்பித் தரவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் சின்னவனின் கையைச் செய்தித்தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டு போனார். வந்தது பார்த்தால் எனக்கே பெரிதான ஒரு கம்பளிக் கையுறை. என்ன சொல்வது என்று தெரியாமல் நிற்க, அவர் அதை வாங்கி எங்கள் உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குள் போட்டு, 60 பாகையில் விட்டார். வெளியே எடுக்கும்போது சுருங்கித் தடித்து, இழையே தெரியாமல் அவன் கைக்கு அளவாக இருந்தது. வேண்டுமென்றே அப்படிச் செய்வதாம், இறுகிப்போனால் காற்றும் புகாது. கம்பளி கொஞ்சம் ஈரமானாலும் சூடு தரும். ஆகவே காய்ந்த பனிக்கு அது, ஈரப் பனிக்குக் கடையில் வாங்கினது.

நீங்கள் பருத்தி நூலில் பின்னி அனுப்பப்போவதாக எழுதியிருந்தீர்களே, அதை மட்டும் செய்ய வேண்டாம் அம்மா. பருத்தி நனைந்தால் காயாது, கையை விறைக்கப்பண்ணிவிடும். அந்த நூலில் தங்கச்சியின் பிள்ளைக்குத் தொப்பி பின்னுங்கள்.

இவருக்கு இப்போது பகலில் வீட்டில் நிற்க நேரம் கிடைக்கிறது, பிள்ளைகளுக்கு நல்ல சந்தோஷம். எனக்கும் விடிய நாலு மணிக்கு எழும்பிப் பழகிவிட்டது, வேலை முடித்து எட்டுக்கு முன்னம் வந்துவிடுவேன், உடம்புக்கு நல்லதுதான். பொங்கலன்று பால் பொங்கினது, மின்சார அடுப்பில் என்றாலும் கிழக்குப் பக்கமாகத்தான் சரிந்தது. புட்டுக்கு மா இருக்கிறது, தேங்காய் மட்டும் பெட்டியில் வருகிற பூ.

இரவில்தான் இந்தக் கையுறைகளோடு ஒரு வேலை. ஹீட்டருக்கு மேலே வைக்கக்கூடாது, தோல் வெடிக்கும், சவ்வு பழுதாகும், நெருப்பும் பிடிக்கும். எங்கள் குளியலறைத் தரைக்குக் கீழே சூட்டுக் கம்பி ஓடுகிறது, துவாயை விரித்து, உள்துணியை வெளியே இழுத்துப் பரப்பிவிடுவேன். அந்த நனைந்த கம்பளி மணம், அம்மா, அப்படியே மாரி மழையில் நனைந்து வந்து கொட்டிலில் நிற்கிற அம்மம்மாவின் ஆடுகள். எல்லோரும் படுத்த பிறகு அந்தத் தரையில் போய்க் கொஞ்ச நேரம் இருப்பேன். குழை கட்டின தடியை நீங்கள் வளைக்கு இழுத்துக் கட்டுகிறது, ஆடு பாய்ந்து பாய்ந்து கடிக்கிறது, அப்பா விறாந்தையில் இருந்து வானொலியைக் கூட்டி வைக்கிறது எல்லாம் கேட்கும். இங்கே சத்தமே இல்லை. பனி பெய்தால் கார் ஓடுகிற சத்தம் கூட வராது. ஒருநாள் சும்மா உங்களை ஒருக்கால் கூப்பிட்டுப் பார்த்தேன், சத்தமாக. சின்னவன் எழும்பிவிட்டான், ஏன் அம்மா அம்மம்மாவைக் கூப்பிடுகிறீர்கள் என்று. இதை வாசித்துக் காட்டும்போது தம்பி இந்த இடத்தை விட்டுவிடட்டும்.

சரி, வளவு விஷயம். பெரியப்பா வேலியை அரை முழம் தள்ளி அடைக்கப்போகிறார் என்றால், வாய்ச்சண்டை வேண்டாம். நில அளவையாளரைக் கூப்பிட்டு எல்லைக்கல்லைப் பார்க்கச் சொல்லுங்கள், உறுதி பெட்டகத்தில் பச்சை உறைக்குள் இருக்கிறது, அதைக் கையில் கொடுக்காமல் பிரதி எடுத்துக் கொடுங்கள். பெரியம்மாவோடு கதைக்காமல் இருக்க வேண்டாம், வேலி வேறு, அவர் வேறு. கிணறு இந்த வருஷம் கோடைக்கு முன்னம் இறைத்துச் சேறு எடுக்க வேண்டும். கூரையில் வடக்குப் பக்கம் ஓடு மாற்ற ஆள் பிடித்தால் கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளச் சொல்லுங்கள்.

காசு இந்த மாதம் கொஞ்சம் பிந்தும். வங்கியில் ஒரு சின்ன அலுவல், வேறொன்றும் இல்லை. தங்கச்சியின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், அது வந்து சேரும், அவளிடம் அதைப் பற்றிக் கேட்க வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் வளைகாப்புக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று முன்னமே கேட்டு எழுதுங்கள், போன முறை மாதிரிச் சோறு காணாமல் போகக்கூடாது. உங்கள் பிரஷர் குளிசையை விட வேண்டாம். தம்பி சோதனை முடியும் வரைக்கும் போன் கதை எடுக்க வேண்டாம்.

அன்பு மகள்

பி.கு.: கிளிநொச்சிப் பெரியம்மாவின் மகன் பங்குனியில் வருகிறான் என்றால் ஒரு கிலோ மிளகாய்த்தூளும் புழுக்கொடியலும் கொடுத்துவிடுங்கள். தூளை இரண்டு பைக்குள் கட்டுங்கள், போன முறை அவனுடைய சேட்டெல்லாம் சிவப்பாகி, வந்த அன்றே என்னோடு கோபித்துக்கொண்டான்.