குதிரை சிரிக்கக் கூடாது

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். மெல்பர்னில் குளிர் விட்டதா? நீ அனுப்பிய வீடியோவை அம்மா புளோக் கீழே காப்பிக்கடை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டாள். நீ குதிரைமேல் விறைப்பாக உட்கார்ந்து கடிவாளத்தை இழுக்கிறாய். அது ஒரு காதை மட்டும் உன் பக்கம் திருப்பிவிட்டு, அது பாட்டுக்குப் புல் மேய்கிறது. "மானம் போச்சுப்பா" என்று எழுதியிருந்தாய். இதில் மானம் போக என்ன இருக்கிறது? குதிரை வரும் நல்ல சிரிப்புப் படங்களுக்கெல்லாம் இதுதானே கதை. மேலே இருப்பவர் தான்தான் ஓட்டுகிறோம் என்று நினைப்பார். கீழே இருப்பது அதைக் கண்டுகொள்ளாது.

லாரல் ஹார்டியின் 'ராங் அகெய்ன்' பார்த்திருக்க மாட்டாய். 1929இல் வந்த சின்னப் படம், வசனம் கிடையாது. இரண்டு பேரும் குதிரை லாயத்தில் வேலை பார்க்கிறார்கள். 'ப்ளூ பாய்' களவு போய்விட்டது, கண்டுபிடித்துக் கொடுப்பவருக்கு 5,000 டாலர் என்று காதில் விழுகிறது. களவு போனது கெய்ன்ஸ்பரோ வரைந்த ஓவியம். ஆனால் லாயத்தில் அதே பெயரில் ஒரு குதிரை நிற்கிறதே! அதைப் பிடித்துக்கொண்டு பணக்காரர் வீட்டுக்குப் போகிறார்கள். மாடியில் இருக்கும் அவர் கீழே பார்க்காமலே, பியானோமேல் வைத்துவிடுங்கள் என்கிறார். அவ்வளவுதான், வைக்கிறார்கள். எப்படி ஏற்றுகிறார்கள் என்பதை நான் சொல்ல மாட்டேன், பார்த்துக்கொள். பிறகு பியானோவின் கால் ஒன்று கழன்றுவிட, ஹார்டி அடியில் மாட்டிக்கொண்டு தாங்குகிறார். மேலே குதிரை வாடகை கொடுத்துக் குடியிருப்பதுபோல் நிற்கிறது.

உன் சின்னத் தாத்தா புக்கித் தீமா பந்தயத் திடலில் சைஸாக, அதாவது குதிரைகளைப் பராமரிப்பவராக இருந்தவர், தெரியுமல்லவா? இந்தக் காட்சிக்கு நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்க, அவர் மட்டும் சிரிக்கவில்லை. "முதலாளி பியானோமேல வைக்கச் சொன்னா வைக்க வேண்டியதுதான், அவங்க மேல என்ன தப்பு?" என்றார். அதற்கு இன்னொரு தடவை சிரித்தோம்.

அவர் இருந்திருந்தால் கிராஞ்சி பந்தயத் திடலை மூடியதைப் பார்த்து நொந்திருப்பார். 2024 அக்டோபர் 5 கடைசிப் பந்தயம். இங்கே சிங்கப்பூரில் குதிரைப் பந்தயக் கிளப் தொடங்கியது 1842இல். 2027 மார்ச்சுக்குள் நிலம் அரசாங்கத்துக்குப் போகிறது, வீடுகள் வரும் என்கிறார்கள். தேக்காவில் ரேஸ் கோர்ஸ் ரோடு என்று பெயர் மட்டும் இருக்கிறது, அங்கே இப்போது மீன்தலைக் கறிதான் ஓடுகிறது.

சரி, படத்துக்கு வருகிறேன். 1965இல் வந்த 'கேட் பலூ'வில் லீ மார்வின் ஒரு குடிகாரத் துப்பாக்கி வீரர். ஒரு காட்சியில் அவர் போதை தெளியாமல் குதிரைமேல் சாய்ந்து கிடக்கிறார். குதிரையும் கால்களைப் பின்னிக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்கிறது. யார் அதிகம் குடித்தது என்று நமக்கே சந்தேகம் வரும். அந்தப் படத்துக்குத்தான் அவருக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. மேடையேறி, இதில் பாதி எங்கேயோ இருக்கும் ஒரு குதிரைக்குச் சேர வேண்டியது என்றார். நம் கதாநாயகர்கள் யாராவது அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறாயா? 'முத்து'வில் அந்த வண்டிக் குதிரைகள் ஓடிய ஓட்டத்துக்குப் பாதிக் கைதட்டல் அவற்றுக்குப் போக வேண்டும். (இதை அம்மாவிடம் சொல்லாதே. ரஜினி விஷயத்தில் அவளிடம் வாய் கொடுக்க முடியாது.)

பேசும் குதிரைகள் எனக்கு அவ்வளவாக ஒத்துவருவதில்லை. 1961 முதல் 1966 வரை 'மிஸ்டர் எட்' என்று ஒரு அமெரிக்கத் தொடர். உதட்டுக்கடியில் நைலான் நூலைக் கட்டி அசைத்துக் குதிரையைப் பேச வைத்தார்கள். வேடிக்கைதான், ஆனால் வாயைத் திறந்ததும் அது குதிரையாக இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரர் ஆகிவிடுகிறது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அடம்பிடித்துப் பார்த்த 'ரேசிங் ஸ்ட்ரைப்ஸ்' ஞாபகம் இருக்கிறதா? தன்னைப் பந்தயக் குதிரை என்று நினைத்துக்கொள்ளும் வரிக்குதிரையின் கதை. படம் முழுக்க நீ சிரித்தது அந்த இரண்டு ஈக்களைப் பார்த்துத்தான். வரிக்குதிரை பாவம், நல்ல நல்ல விஷயமாகப் பேசிக்கொண்டே இருந்தது.

உனக்கு ஒரு விஷயம். அது மேயக் குனிந்தால் வெறுமனே இழுத்துக்கொண்டிருக்காதே, உன் கைதான் வலிக்கும். காலால் அழுத்தி முன்னால் நடக்க வை. சின்னத் தாத்தா சொல்வதுதான் இது. உன் பயிற்சியாளரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். ஹெல்மெட் வாரைத் தளர்த்தாதே.

கடைசியாக ஒன்று. 1975இல் மான்டி பைதான் குழு எடுத்த 'ஹோலி கிரெயில்' படத்தில் ராஜா குதிரையில் போவதுபோல், குதிரை இல்லாமலே துள்ளித் துள்ளிப் போவார், பின்னால் வேலையாள் இரண்டு கொட்டாங்கச்சியைத் தட்டிக் குளம்புச் சத்தம் எழுப்புவான். குதிரைக்குக் கொடுக்கப் பணம் இல்லை, அதனால் வந்த யோசனை. இங்கிலாந்தில் தேங்காய் ஏது என்று கோட்டைக் காவலன் மடக்குவான் பார், அங்கே நிறுத்தி நிறுத்திச் சிரித்தேன். குதிரைப் படம் என்றால் குதிரை வேண்டாமா என்று அம்மா இன்னும் சண்டை போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது என் பக்கம் பேசு.

அன்புடன்,
அப்பா